பவழக்கொடி வாயைத் திறக்காத இருபத்தோரு நாள்

எங்கள் தெருவில் மனிதர்களைவிட மீன்கள் அதிகம், மீன்களைவிடப் பேச்சு அதிகம், அந்தப் பேச்சிலும் முக்கால்வாசி எது ஆண் எது பெண் என்பதைப் பற்றித்தான் இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் புதிதாகக் குடிவருகிறவர்கள் காதில் அரைகுறையாக விழுந்ததை வைத்துக்கொண்டு எங்களைப் பற்றித் தப்பான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். கொளத்தூரில், ஆட்டோக்காரர்கள் உள்ளே வர மூக்கைச் சுளிக்கிற அளவுக்குக் குறுகலான தெரு. மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டி, மாடிப்படிக்கு அடியில் கண்ணாடித் தொட்டி, சாமி படத்துக்குக் கீழே குஞ்சுத் தொட்டி என்று வீட்டுக்கு வீடு தண்ணீர் நிற்கும், காற்றுக் குழாய்கள் ஓயாமல் குமிழி விட்டுக்கொண்டிருக்கும், அந்தச் சத்தம் நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும்.

நாங்கள் வளர்ப்பது சிச்லிட் மீன், அதிலும் பீகாக் என்கிற வகை. ஆண் வளர்ந்தால் கேஸ் அடுப்பின் தீயைப் போல நீலமாக இருக்கும். பெண் எத்தனை வளர்ந்தாலும் சாம்பல் நிறம்தான், ஆனால் முட்டையிட்டதும் அத்தனையையும் வாயில் அள்ளி அடக்கிக்கொண்டு, இருபத்தோரு நாள் தின்னாமல், வாயைத் திறக்காமல், யார் வம்புக்கும் போகாமல் ஒரு மூலையில் நின்று, குஞ்சுகளுக்கு நீந்தத் தெரிந்த பிறகுதான் வெளியே விடும். வாங்க வருகிறவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம், நீலம் வேண்டும், அதுவும் குஞ்சிலேயே வாங்கி வீட்டில் வளர்த்து நீலமாக்கிப் பார்க்க வேண்டும். குஞ்சோ மூன்று அங்குலம் ஆகிறவரை ஆணும் சாம்பல், பெண்ணும் சாம்பல், கேட்டாலும் சொல்லாது. அதனால் எங்களில் சிலர் எது எதை விரட்டுகிறது என்று பார்த்துச் சொல்வார்கள், சிலர் அடித்துடுப்பில் மஞ்சள் புள்ளியை எண்ணிச் சொல்வார்கள், பக்கத்து வீட்டு அருளப்பன் தொட்டிக்கு முன்னால் நின்று கண்ணை மூடித் தியானம் பண்ணிச் சொல்வார், எல்லோருக்கும் பத்துக்கு ஐந்து சரியாக வரும்.

இப்படி நாங்கள் கௌரவமாகத் தப்புப் பண்ணிக்கொண்டிருந்த தெருவுக்குத்தான் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து பவழக்கொடி மருமகளாக வந்தாள். ‘ஏகாம்பரம் அண்ட் சன்ஸ் வண்ண மீன் பண்ணை’ என்று பெரிய பெயர்ப்பலகை வைத்த வீடு அது. ஏகாம்பரம் காலமாகிப் பல வருஷம் ஆகிறது, அவர் மனைவி லோகம்மாதான் பண்ணையையும் பலகையையும் காப்பாற்றிக்கொண்டு வந்தார், ஒரே பிள்ளை தேவநாதன். கல்யாணமான மூன்றாம் வாரம் பவழக்கொடி கையை நனைத்துக்கொண்டு ஒரு குஞ்சைப் பிடித்து, வயிறு மேலே பார்க்கும்படி உள்ளங்கையில் மல்லாத்திப் போட்டு, வால் பக்கத்தில் ஊசி முனை அளவில் இருக்கிற இரண்டு துளைகளைப் பார்த்தாள். இரண்டும் ஒரே அளவு என்றால் ஆண், பின் துளை பெரிது என்றால் பெண். மீன் பயப்படுவதற்குள் திரும்பத் தண்ணீரில் இருக்கும். பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னாள். அன்றிலிருந்து லோகம்மா மருமகளை மிளகாய் நறுக்க விடுவதில்லை, காரம் பட்ட கை மீனுக்கு ஆகாது என்று தானே நறுக்கிக்கொண்டார், தெருவில் எந்த மாமியாரும் எந்த மருமகளுக்கும் அதுவரை அப்படிச் செய்ததில்லை.

அதிசயம் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அதற்குக் காரணம் தேவநாதன். உன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிப் பெண்டாட்டியைப் பட்டுப்புடவை கட்டவைத்துவிட்டு, இதோ ஒரே ஒரு தொட்டி தண்ணீர் மாற்றிவிட்டு வருகிறேன் என்று போனவன் நான்காவது தொட்டியில் இருந்தான். பவழக்கொடி புடவையோடு வந்து நின்றாள். அவன் சமாதானமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஒரு குஞ்சை எடுத்து அவள் கையில் போட்டு, “இது ஆண்தானே?” என்றான்.

“பொண்ணு” என்றாள் பவழக்கொடி, பார்க்காமலே.

அவன் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து காட்டினான். “நல்லா பாரு. ரெண்டும் ஒரே அளவு.”

அவள் பார்த்தாள். இரண்டும் ஒரே அளவுதான். ஆண்தான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பட்டுப்புடவையில் ஒரு மணி நேரம் காத்திருந்தவள் அந்தப் புருஷனிடம் தோற்றதாக எப்படி ஒத்துக்கொள்வாள்? “பொண்ணுன்னா பொண்ணுதான்” என்று அழுத்திச் சொன்னாள். உடனே அந்த மீன் அவள் உள்ளங்கையில் மல்லாந்தபடியே பெண்ணாக மாறியது. பின் துளை சற்று அகன்றது, அடித்துடுப்பில் இருந்த மஞ்சள் புள்ளிகள் ஒவ்வொன்றாக அழிந்தன. தேவநாதன் பூதக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மறுபடி பார்த்தான், பிறகு எல்லாப் புருஷர்களையும் போல முதலிலிருந்தே தான்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு, “சரி, நீ சொன்னதுதான்” என்றான். இப்படி நான்கு ஞாயிற்றுக்கிழமை சண்டை நடந்த பிறகுதான், அவள் சொல்வது சரியாக இருப்பதில்லை, அவள் சொன்ன பிறகு சரியாக ஆகிவிடுகிறது என்பது இருவருக்கும் புரிந்தது.

தெருவுக்கு இது தெரிய அரைநாள் ஆனது, பழகிப்போக ஒரு நாள் ஆனது. மறுநாள் காலை ஏகாம்பரம் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் வாளியும் குடமும் குஞ்சுமாக வரிசை நின்றது, வரிசையில் யார் முந்தினார் என்று சண்டை வந்தது, சண்டையில் ஒரு வாளி கவிழ்ந்தது, அதற்குப் பிறகு ஒற்றைப்படை வீடுகள் காலையில், இரட்டைப்படை வீடுகள் மாலையில் என்று லோகம்மா ஏற்பாடு செய்தார். பவழக்கொடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காய் நறுக்கியபடி, மிளகாய் தவிர, “ஆண், ஆண், ஆண்” என்று சொல்லிக்கொண்டே போவாள், வாளியில் சளசளவென்று ஒரு சத்தம் கேட்கும், வாளிக்காரர் கும்பிடு போட்டுவிட்டு நகர்வார். அருளப்பன் மட்டும் இரண்டு நாள் வராமல் வீம்பாகத் தியானத்தில் இருந்தார், மூன்றாம் நாள் வரிசையில் கடைசியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். எல்லோரும் பார்க்காதமாதிரி இருந்தோம்.

பிறகு இது எதுவரை போகும் என்று சோதிப்பது எங்கள் பொழுதுபோக்கானது. மதுரைக்காரர் ஒருவர் வீடியோ காலில் மீனைக் காட்டினார், பவழக்கொடி வாயைத் திறந்த நேரம் சிக்னல் போய்விட்டது, அந்த மீன் வாலிலிருந்து நடு முதுகு வரை நீலமாகவும் அதற்கு முன்னால் சாம்பலாகவும் இன்றைக்கும் மதுரையில் ஒரு பல் மருத்துவர் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. ஸ்கேன் சென்டர்களில் மாட்டியிருக்கும் அறிவிப்பை நினைத்துப் பயந்துபோன ஒருவர் இதெல்லாம் சட்டப்படி குற்றமாகுமே என்று கிளப்பிவிட்டார். சட்டம் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத்தான் தடுக்கிறது, பார்க்காமலே சொல்வதை எங்கே தடுக்கிறது என்று வாதம் பண்ணினோம். விசாரிக்க வந்த ஏட்டையா முதலில் மீசையை முறுக்கினார், மீனுக்குச் சட்டம் பொருந்தாது என்று தெளிந்ததும் டீ குடித்தார், போகும்போது தன் வீட்டு மீன் ஒன்று மூன்று வருஷமாக என்னவென்றே சொல்லாமல் இருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அருளப்பன் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு பப்பாளி மரம் இருந்தது, ஆண் மரம், சரம் சரமாகப் பூத்துக் கொட்டுமே தவிர ஒரு பிஞ்சு வைத்ததில்லை. அவர் அதை வெட்ட அரிவாளோடு போனபோது, துணி உலர்த்திக்கொண்டிருந்த பவழக்கொடி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “ஐயோ விடுங்கண்ணா, அது பொண்ணு மரம்” என்றாள். பத்தாம் நாள் பச்சைப் பிஞ்சுகள் கழுத்தைச் சுற்றித் தொங்கின. முதல் பழத்தை அருளப்பன் தட்டில் வைத்து லோகம்மாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

லோகம்மா பழத்தைச் சாப்பிடவில்லை. தட்டைக் கையில் வைத்தபடி வெகுநேரம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏனென்றால் பவழக்கொடிக்கு அப்போது நாள் தள்ளிப்போய் மூன்று மாதம்.

“ஒரு வார்த்தை சொல்லிடு கண்ணு” என்றார்.

“எதுக்கு அத்தை?”

“எதுக்குன்னா கேக்கறே? அந்தப் பலகையப் பாரு. சன்ஸுன்னு போட்டு முப்பது வருசம் ஆவுது. உன் மாமனாரு ஆசையா எழுதினாரு, இன்னா சன்ஸு, ஒத்தையா இவன் ஒருத்தன்தான் பொறந்தான். ‘எங்கடி மத்த சன்ஸு’ன்னு என் மாமியா சாவற வரைக்கும் கேட்டா. முப்பது வருசமா எழுதி மாட்டிவெச்ச வார்த்தை எனக்குப் பலிக்கல. நீ வெங்காயம் நறுக்கினே சொல்றே, உனக்குப் பலிக்குது.” சொல்லும்போதே லோகம்மாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுத் துடைத்துக்கொண்டார்.

பவழக்கொடிக்கு மாமியாரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சொன்னால்தான் என்ன என்று நினைத்தாள். ஆனால் அவளுக்கு உள்ளூர ஒரு பெண் குழந்தைமேல் ஆசை இருந்தது, அதையும் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அதுவே சொன்னதாகிவிடுமோ என்று பயம். “பாக்கலாம் அத்தை” என்று சொல்லி வைத்தாள். எங்கள் தெருவில் பார்க்கலாம் என்றால் சரி என்று அர்த்தம் பண்ணிக்கொள்வது வழக்கம், லோகம்மா பெயின்டரைக் கூப்பிட்டுப் பலகைக்குப் புதிதாக வர்ணம் அடிக்கச் சொன்னார்.

இதற்கிடையில் தெருவே நீலமாகிக்கொண்டிருந்தது. யாருமே பெண் கேட்கவில்லை, எல்லோரும் ஆண் ஆண் என்று வாங்கிக்கொண்டு போனோம், தொட்டிக்குத் தொட்டி நீலம், மாடியில் நின்று பார்த்தால் கண் கூசும். ஐந்து மாதம் இதிலேயே பெருமைப்பட்டுக்கொண்டிருந்த பிறகுதான் யாரோ ஒருவர், ரொம்ப நாளாகக் குஞ்சே காணோமே என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தலைமுறை தலைமுறையாக மீன் வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொள்கிற எங்களுக்கு, முட்டையைச் சுமக்கவும் ஒருத்தி வேண்டும் என்பது அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. தேடிப் பார்த்ததில், தெரு முழுவதற்குமாக ஏகாம்பரம் வீட்டுப் படிக்கு அடித் தொட்டியில் ஒரே ஒரு சாம்பல் மீன் மிச்சமிருந்தது, அதன் தாடை உப்பியிருந்தது, வாய்க்குள் முட்டைகள் இருந்தன.

அந்த மீனைப் பவழக்கொடிக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டுபேருக்கும் ஒரே நிலைமை என்று சொல்லிச் சிரிப்பாள், அதற்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் மோர் குடிப்பாள். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவளுக்கு வாந்தியும் தலைசுற்றலுமாக இருந்தது. ஸ்டூலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தவளிடம் அருளப்பன் வாளியோடு வந்து, “இது இன்னா சொல்லும்மா, இது இன்னா” என்று நச்சரித்தார். அவர் வாளியைக் காட்டினார், அவள் கண்ணைத் திறந்தபோது எதிரில் இருந்தது தொட்டி. “ஆண்தாண்ணா, எல்லாம் ஆண்தான், போங்க” என்றாள்.

சாம்பல் மீன் ஒருமுறை உதறியது. வால் நுனியிலிருந்து நீலம் ஏறி முகம் வரை வந்தது. ஆண் மீனுக்கு வாயில் எதையும் வைத்திருக்கத் தெரியாது. அது வாயைத் திறந்தது, முப்பது முட்டைகள், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, சிலவற்றில் குஞ்சுக்குக் கண் வைத்திருந்தது, மெல்ல உதிர்ந்து அடிமணலில் விழுந்தன, மற்ற நீல மீன்கள் வந்து நிமிஷத்தில் தின்று தீர்த்தன. பவழக்கொடி ஓவென்று அலறி, “பொண்ணு, பொண்ணு, அது பொண்ணு” என்று கத்தினாள். மீன் உடனே சாம்பலானது. பெண்ணாகிவிட்டது, முட்டைதான் திரும்பவில்லை. அது பழைய மூலைக்கே போய், காலி வாயை மூடி, தாடையை உப்ப வைத்துக்கொண்டு, ஒன்றும் தின்னாமல் மீதி ஒன்பது நாளும் நின்றது. பவழக்கொடி அதன் எதிரில் உட்கார்ந்து அழுதாள். அருளப்பனும் வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதார், அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை.

மறுநாள் பவழக்கொடி வீடு வீடாகப் போனாள், தொட்டிக்குத் தொட்டி நின்று, நீ பொண்ணு, நீ பொண்ணு என்று பாதியைத் திரும்பப் பெண்ணாக்கினாள். கடைசித் தொட்டி முடிந்ததும் வீட்டுக்கு வந்து மாமியார் முன்னால் நின்றாள்.

“அத்தை, இனிமே நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். என் வயித்துக்கும் சொல்ல மாட்டேன்.”

“இன்னாடி சொல்றே? பெயின்டுகூட அடிச்சாச்சு.”

“உள்ள இருக்கறது இந்நேரம் எதுவோ ஒண்ணா இருக்கும் அத்தை. நான் ஒரு வார்த்தை சொல்லி, அது வாயிலேந்து எதையாவது கொட்டிட்டா? எனக்குத் தெரியவே தெரியாதே, எது கொட்டிச்சுன்னு.”

லோகம்மா அதோடு விட்டுவிடுகிறவர் இல்லை. அன்றிலிருந்து அவர் மிளகாயைத் தனக்கு நறுக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

வயிறு பெரிதாக ஆக, தெரு இரண்டு கட்சியானது. சொல்ல வைத்துவிட வேண்டும் என்பவர்கள் ஒரு கட்சி, சொல்ல விடக்கூடாது என்பவர்கள் ஒரு கட்சி, காலையில் ஒரு கட்சியிலும் மாலையில் இன்னொரு கட்சியிலும் இருந்தவர்கள்தான் அதிகம். வளைகாப்பில் அருளப்பன் மனைவி ஒரு கையில் குட்டிச் சட்டையும் மறு கையில் குட்டிக் கவுனும் வைத்துக்கொண்டு, “எது அழகா கீது, சும்மா கேக்கறேன்” என்றாள். லோகம்மா தொட்டிலைத் துடைத்தபடி, “உங்க ஊர்ல பேரனை எப்படிக் கூப்பிடுவாங்க” என்று யதேச்சையாக விசாரித்தார். ஏட்டையா டீ குடிக்க வந்து, காணாமல்போன ஒரு குழந்தையின் படத்தைக் காட்டுவதுபோலத் தன் அக்கா பேரன் படத்தைக் காட்டி, இது ஆணா பெண்ணா அடையாளம் சொல்லும்மா என்றார். பவழக்கொடி எல்லாவற்றிலிருந்தும் நழுவினாள், ஆனாலும் ஒவ்வொரு முறையும் வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது. குளிக்கும்போது வயிற்றைப் பார்த்தால் இன்னும் மோசம். வெளியில் உள்ளவர்களைச் சமாளித்துவிடலாம், ‘பொண்ணா இரேன்’ என்று உள்ளே கேட்கிற தன் ஆசையை என்ன செய்வது? மாமியார் சொல்லச் சொல்லிச் சொல்வது தப்பு என்றால், தானாக ஆசைப்பட்டுச் சொல்வதும் அதே தப்புதானே?

டாக்டர் கொடுத்த தேதிக்கு இருபத்தோரு நாள் இருக்கும்போது அவள் வாயை மூடினாள். சாப்பிடத் திறப்பாள், பிறகு மூடிவிடுவாள். மீனைப் போலப் பட்டினி கிடக்கவில்லை, அவள் சுமந்தது வாயில் அல்ல என்பதால் மூன்று வேளையும் நன்றாகவே சாப்பிட்டாள், இதை அருளப்பன் கொஞ்சம் ஏமாற்றத்தோடு எங்களிடம் சொன்னார். பவழம் வாயில முட்டை வெச்சிருக்கா என்று தெருவில் சொல்லிக்கொண்டோம். அவளைப் பார்த்து நாங்களும் குரலைத் தணித்தோம், குழாயடியில் சைகையில் சண்டை போட்டோம். தேவநாதன் மட்டும் தினமும் அவளுக்குத் தலைபின்னிவிட்டு, அன்றைக்கு எந்தத் தொட்டியில் எத்தனை குஞ்சு என்று சொல்வான், அவள் தலையை ஆட்டுவாள். எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

இருபத்தோராம் நாள் காலை வலி எடுத்தது. அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அவளும் தேவநாதனும் லோகம்மாவும் போனார்கள், பின்னாலேயே தெரு போனது. பிரசவ வலியிலும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், வாய்விட்டுக் கத்தும்மா கத்தும்மா என்று சொல்லிப் பார்த்து அலுத்துப்போனார் எஸ்தர் சிஸ்டர். பதினொன்றரை மணிக்குக் குழந்தை பிறந்தது, அழுதது, அந்த அழுகை வராந்தாவில் நின்ற எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அழுகையிலிருந்து கண்டுபிடிக்க அருளப்பன் கண்ணை மூடினார்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. பிற்பாடு குழந்தை மாறிவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, என்ன குழந்தை என்பதை நர்ஸ் சொல்ல மாட்டார், குழந்தையைத் தாயிடம் காட்டி, அவள் வாயால் சொல்லச் சொல்லி, அதற்குப் பிறகுதான் எழுதுவார். இது எங்களுக்குத் தெரியும், எங்கள் வீட்டுக் குழந்தைகள் அத்தனையும் அப்படித்தான் பிறந்தன. ஆனால் இத்தனை மாதமாக ஆளாளுக்கு யோசித்த தெருவில் இந்த ஒன்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“பாத்துச் சொல்லும்மா. என்ன குழந்தை?” என்றார் எஸ்தர் சிஸ்டர்.

பவழக்கொடி வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

“தலை ஆட்டினா எழுத முடியாது. உன் வாயால சொல்லணும். சொன்னாத்தான் குழந்தையைக் குடுப்பேன்.”

லோகம்மா வெளியே கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். விஷயம் புரிந்ததும் கதவிடுக்கு வழியாகக் கத்தினார். “பவழம்! இன்னும் ஒண்ணும் கெட்டுப்போவல! பையன்னு சொல்லுடி! கண்ணை மூடிக்கினு சொல்லிடு!”

குழந்தை அழுதுகொண்டிருந்தது. பவழக்கொடி கையை நீட்டினாள். சிஸ்டர் தயங்கிவிட்டுக் குழந்தையை அவள் கையில் மல்லாத்தி வைத்தார். ஈரக் கை, அதில் ஈரமாக ஒரு உயிர், ஆயிரம் மீனை இப்படி வாங்கியிருக்கிறாள். அவள் தன் ஆசையை நினைக்கவில்லை, பலகையை நினைக்கவில்லை, கதவுக்குப் பின்னால் இருந்த குரலை நினைக்கவில்லை. நிதானமாகக் குனிந்து பார்த்தாள். பார்த்து முடித்த பிறகு, இருபத்தோரு நாளாக மூடியிருந்த வாயைத் திறந்தாள்.

“பொண்ணு.”

குழந்தையில் எதுவும் மாறவில்லை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள். மாறவில்லை, சொல்வதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள், அவ்வளவு சத்தமாக அழுதாள், எஸ்தர் சிஸ்டர் நேரத்தை எழுத மறந்து நின்றார்.

லோகம்மாவை உள்ளே விட்டபோது அவர் முகத்தில் இத்தனை மாதக் கோபமும் இருந்தது. குழந்தையைப் பார்க்கவில்லை, மருமகளின் கண்ணையே பார்த்துக் கேட்டார்.

“நிஜத்தைச் சொல்லு. சொல்லிட்டுப் பாத்தியா, பாத்துட்டுச் சொன்னியா?”

“பாத்துட்டுத்தான் அத்தை சொன்னேன்.”

லோகம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குழந்தையை வாங்கி, அவரும் ஒருமுறை பார்த்தார். வராந்தாவில் நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். அவர் கதவைத் திறந்து, குழந்தையைத் தூக்கிப் பிடித்து, “பொண்ணு!” என்று கத்தினார். ஒருத்தர் சொன்னால் போதும், சத்தம் போடாதீங்க என்றார் சிஸ்டர். “இருக்கட்டும்மா, என் வாயாலயும் ஒரு தடவை சொல்லிக்கிறேன்” என்றார் லோகம்மா.

அதோடு பவழக்கொடியின் வாய்க்கு இருந்த சக்தி போய்விட்டது. வேண்டுமென்றே நீல மீனைப் பெண் என்று சொல்லிப் பார்த்தோம், அது அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது பழையபடி கையை நனைத்து, மல்லாத்திப் பார்த்துத்தான் சொல்கிறாள், பத்துக்கு ஒன்பது சரியாக வருகிறது, மற்றவர்களுக்கு ஐந்து. அருளப்பனின் பப்பாளி மட்டும் என்ன காரணமோ இன்னும் காய்க்கிறது. அந்தச் சாம்பல் மீன் மறுபடி முட்டையிட்டு, இருபத்தோரு நாள் வைத்திருந்து, இருபத்தெட்டுக் குஞ்சுகளை வெளியே விட்டது, பவழக்கொடி அவற்றில் ஒன்றையும் விற்கச் சம்மதிக்கவில்லை.

போன வாரம் வெளியூரிலிருந்து ஒருவர் மீன் வாங்க வந்தார். வாசலில், புது வர்ணம் அடித்த பலகைக்குக் கீழே, லோகம்மா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மொட்டையடித்த தலை, இடுப்பில் அரைஞாண் கயிறு, துணி விலகிக் கிடந்தது. வந்தவர் பலகையை ஒருமுறை நிமிர்ந்து படித்தார், குழந்தையின் மொட்டையைத் தட்டிக்கொடுத்தார், வெகு சாமர்த்தியமாக, “அடுத்த வாரிசு வந்தாச்சு போல. பேரன்தானேம்மா?” என்றார்.

லோகம்மா அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“மொதல்ல பாரு. பாத்துட்டு சொல்லு.”